வலது பக்கம் ஓவர்டேக் பண்றது எப்படி? தருமபுரி, கிருஷ்ணகிரி ரோட்டுல ஓட்டறவங்களுக்கு முழு வழிகாட்டி

எல்.எல்.ஆர். டெஸ்ட்ல "முன்னாடி போற வண்டிய எந்தப் பக்கம் தாண்டணும்"னு கேட்டா எல்லாரும் டக்குனு வலதுன்னு சொல்லிடறாங்க. ரோட்டுக்கு வந்ததும் அதே ஆளு லாரிக்கு இடது பக்கம் மண்ணுல இறங்கி புகுந்து போறாரு. எங்க பக்கத்து பசங்களுக்கு பைக்கும் காரும் பழக்கி விடும்போது நான் பார்த்தது என்னன்னா, பக்கம் தெரியாம தப்பு பண்றவங்க கம்மி, வரிசை தெரியாம பண்றவங்கதான் அதிகம். எதை முதல்ல பார்க்கணும், எதை அடுத்து செய்யணும், எப்போ வேண்டாம்னு விடணும், இந்த வரிசை கலைஞ்சா வலது பக்கமே போனாலும் ஆபத்துதான்.

ஓவர்டேக் பண்ணலாமா வேண்டாமாங்கிற முடிவ லாரிக்கு பின்னாடி இருக்கும்போதே எடுத்து முடிச்சிடணும். பக்கத்துல போய் நின்னுக்கிட்டு யோசிக்கக் கூடாது. கீழ இருக்கிற எல்லா படியும் இதுக்காகத்தான்.

1. வண்டிய எடுக்கறதுக்கு முன்னாடி

ரெண்டு பக்க கண்ணாடியும் இருக்கணும். பைக்ல ஸ்டைலுக்காக கண்ணாடிய கழட்டி வீட்ல வச்சிட்டு வர பசங்க நம்ம ஊர்ல நிறைய. கண்ணாடி இல்லாம பின்னாடி யார் வராங்கன்னு தெரிஞ்சிக்க தலைய முழுசா திருப்பணும், அந்த நேரத்துல முன்னாடி லாரி பிரேக் அடிச்சா கதை முடிஞ்சது. ஏறி உட்கார்ந்ததும் கண்ணாடிய அட்ஜஸ்ட் பண்ணுங்க, பைக்ல உங்க தோள் மட்டும் தெரிஞ்சா அது பிரயோஜனமில்ல, தோள் ஓரமா கொஞ்சம் தெரிஞ்சு மீதி முழுக்க ரோடு தெரியணும்.

இண்டிகேட்டர், ஹாரன், ஹெட்லைட்ல டிம்-பிரைட் மூணும் வேலை செய்யுதான்னு பாருங்க. பின்னாடி வரவங்களுக்கும் முன்னாடி போறவங்களுக்கும் உங்க மனசுல இருக்கிறத சொல்ல இந்த மூணை விட்டா வேற வழி இல்ல.

உங்க வண்டிக்கு எவ்வளவு பிக்கப் இருக்குன்னு தெரிஞ்சிருக்கணும். தனியா போகும்போது 40-ல இருந்து 60-க்கு சீக்கிரம் ஏறுற 100 சிசி பைக், பின்னாடி ஒருத்தரும் நடுவுல ஒரு மூட்டையும் இருந்தா ஏறவே ஏறாது. அதே மாதிரிதான் அஞ்சு பேர் உட்கார்ந்து ஏசி போட்ட சின்ன கார். புதுசா ஓட்டறவங்க அன்னிக்கு தனியா போன ஞாபகத்துலயே இன்னிக்கு லோடோட வெளிய வந்துடறாங்க, பாதி லாரிய தாண்டின பிறகுதான் வண்டி இழுக்கலன்னு தெரியுது. அதனால லோடு ஏத்தின அன்னிக்கு, காலி ரோட்டுல ஒருதடவை முறுக்கிப் பார்த்து எவ்வளவு நேரத்துல ஏறுதுன்னு தெரிஞ்சிக்கோங்க.

2. சட்டம் எங்க நிக்குது

நம்ம நாட்டுல வண்டி இடது பக்கம் போகணும், தாண்டறது வலது பக்கமா. 2017-ல வந்த மோட்டார் வாகன ஓட்டுதல் ஒழுங்குமுறைகள்தான் இப்போ இதுக்கு அடிப்படை, அதுக்கு முன்னாடி 1989-ல போட்ட சாலை விதிகள் இருந்துச்சு. வலது பக்கம் திரும்பப் போறேன்னு சிக்னல் போட்டு ரோட்டு நடுவுக்கு நகர்ந்து நிக்கற வண்டிய இடது பக்கமா தாண்டலாம், இது அந்தக் காலத்துல இருந்தே இருக்கிற விதிவிலக்கு. இதைச் சொல்லிக்கிட்டு நேரா போற லாரிக்கு இடதுல புகுற வேலை ஆகாது.

ஏன் வலதுன்னா, நம்ம வண்டில டிரைவர் உட்கார்ந்திருக்கிறது வலது பக்கம். லாரி டிரைவருக்கு வலது கண்ணாடி கை எட்டுற தூரத்துல இருக்கு, இடது பக்கம் கேபினோட அந்தக் கடைசில இருக்கு, கதவுக்குக் கீழ ஒரு பைக் நின்னா அவருக்குத் தெரியவே தெரியாது. அதோட பஸ் நிறுத்தறதுக்கு ஒதுங்கறதும், ஆளு இறங்கறதும், பஞ்சரான டிராக்டர் நிக்கறதும் எல்லாமே இடது ஓரத்துலதான்.

2019 திருத்தத்துக்கு அப்புறம் சட்டத்துக்குப் புறம்பா ஓவர்டேக் பண்றது மோட்டார் வாகனச் சட்டம் 184-வது பிரிவுல, அதாவது அபாயகரமா ஓட்டறதுங்கிற குற்றத்துக்குள்ள வெளிப்படையா சேர்த்துட்டாங்க. முதல் தடவைக்கு ஆறு மாசத்துல இருந்து ஒரு வருஷம் வரைக்கும் ஜெயில், இல்ல 1000-ல இருந்து 5000 ரூபாய் அபராதம், இல்ல ரெண்டுமே. மூணு வருஷத்துக்குள்ள மறுபடி மாட்டினா ரெண்டு வருஷம் வரைக்கும் ஜெயில் இல்ல 10,000 ரூபாய், இல்ல ரெண்டும். ஒரு உயிர் போயிடுச்சுன்னா கவனக்குறைவால மரணம்னு பாரதிய நியாய சன்ஹிதா 106-வது பிரிவுல கேஸ், அதுல அஞ்சு வருஷம் வரைக்கும் தண்டனை இருக்கு. "லாரிக்காரன் ஒதுங்கல சார்"னு சொல்றது எந்த ஸ்டேஷன்லயும் எடுபடாது, தாண்டறவர்தான் பார்த்து தாண்டணும்.

3. எங்க பண்ணவே கூடாதுன்னு முதல்ல முடிவு பண்ணுங்க

தூரம் கணக்குப் போடறதுக்கு முன்னாடி இடத்தைப் பாருங்க. இடம் தப்புன்னா ரோடு காலியா தெரிஞ்சாலும் வெளிய வரக் கூடாது.

ரோட்டு நடுக்கோடு விடாம ஒரே நீளமா இருந்தா அதைத் தாண்டக் கூடாது. விட்டு விட்டு இருந்தா, எதிர்ல வண்டி இல்லாதப்போ தாண்டலாம். ரெண்டு கோடு பக்கத்துல பக்கத்துல இருந்து ஒண்ணு விட்டு விட்டும் இன்னொண்ணு முழுசாவும் இருந்தா, உங்க பக்கத்துல இருக்கிற கோடு எதுவோ அதுதான் உங்களுக்கு. இதை நிறைய பேர் மாத்திப் புரிஞ்சிக்கறாங்க, எதிர்ல வரவருக்கான கோட்டைப் பார்த்துட்டு தனக்குன்னு நினைச்சிக்கறாங்க. வளைவுக்கு முன்னாடியும் ஏத்தத்துக்கு முன்னாடியும்தான் பெரும்பாலும் இந்த மாதிரி கோடு போட்டிருப்பாங்க, அதாவது உங்களுக்குத் தெரியாத ஒரு மறைவு அங்க இருக்குன்னு அர்த்தம்.

வளைவு, ஏத்தத்தோட உச்சி, குறுகலான பாலம், நாலு ரோடு கூடற இடம், ஸ்கூல், ஆஸ்பத்திரி வாசல், ஜனங்க ரோடு தாண்ட போட்டிருக்கிற வரிக்கோடு, இங்கெல்லாம் வேண்டாம். வரிக்கோட்டுக்கிட்ட ஒரு பஸ் நின்னா அது யாரையோ தாண்ட விட்டிருக்குன்னு நினைங்க, அந்தப் பஸ்ஸ சுத்திக்கிட்டு வேகமா போனீங்கன்னா பஸ்ஸுக்கு முன்னாடி நடந்து வர பாட்டிதான் உங்களுக்கு எதிர்ல.

நம்ம பக்கம் எடுத்துக்கிட்டா, பென்னாகரத்துல இருந்து ஒகேனக்கல் இறங்கற மலைப்பாதை, தேன்கனிக்கோட்டையில இருந்து அஞ்செட்டி போற ரோடு, இந்த ரெண்டுலயும் வளைவு முடிஞ்சு அடுத்த வளைவு வரதுக்குள்ள கிடைக்கிற நேர் ரோடு ரொம்ப சின்னது. முன்னாடி சுற்றுலா வேன் 25-ல ஊர்ந்தாலும் பின்னாடியே போங்க. ஞாயித்துக்கிழமை ஒகேனக்கல் போற கூட்டத்துல பாதிப்பேருக்கு அந்த ரோடு புதுசு, எதிர்ல வரவர் வளைவுல நடுக்கோட்டை மிதிச்சிட்டுதான் வருவாருன்னு எடுத்துக்கிட்டே ஓட்டுங்க.

4. தூரக் கணக்கு

இதைத்தான் யாரும் சொல்லித் தரதில்ல, இதுலதான் எல்லாரும் விழறாங்க. கொஞ்சம் நிதானமா படிங்க.

முன்னாடி லாரி 40-ல போகுது, நீங்க 60-ல தாண்டப் போறீங்கன்னு வைங்க. 60-ல ஒரு செகண்டுக்கு கிட்டத்தட்ட 17 மீட்டர் போவீங்க, லாரி 11 மீட்டர் போகும். அப்போ லாரிய விட ஒரு செகண்டுக்கு அஞ்சரை மீட்டர்தான் முன்னேறறீங்க. லாரிக்கு பின்னாடி 20 மீட்டர், லாரி நீளம் ஒரு 10 மீட்டர், தாண்டி முன்னாடி விட வேண்டியது 20 மீட்டர், ஆக 50 மீட்டர் முன்னேறணும். 9 செகண்ட் ஆகும். அந்த 9 செகண்ட்ல நீங்க 150 மீட்டர் போயிருப்பீங்க, எதிர்ல 60-ல வர பஸ்ஸும் 150 மீட்டர் உங்களை நோக்கி வந்திருக்கும். அப்போ கிளம்பும்போதே உங்களுக்கும் எதிர் வண்டிக்கும் நடுவுல 300 மீட்டர் காலி வேணும், அதுவும் ஒரு தப்பும் நடக்கலன்னா.

ரோடு போடற இன்ஜினியர்களுக்கான இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ் கணக்குலயும் 60 கிலோமீட்டர் வேகத்துக்கு ஓவர்டேக் பண்ணத் தெரிய வேண்டிய தூரம் 300 மீட்டர்தான், 80-க்கு 470 மீட்டர், 100-க்கு 640 மீட்டர்.

இப்போ லாரிக்கு பதிலா 50-ல போற டவுன் பஸ்ஸ அதே 60-ல தாண்டறதா நினைங்க. ஒரு செகண்டுக்கு மூணு மீட்டர் கூட முன்னேற மாட்டீங்க. 18 செகண்ட் எதிர் பக்கத்துலயே ஓடிக்கிட்டிருக்கணும், 600 மீட்டர் காலியா வேணும். வேக வித்தியாசம் பாதியானா தேவைப்படற ரோடு ரெட்டிப்பு. அதனாலதான் சொல்றேன், முன்னாடி போறது உங்களை விட 10 கிலோமீட்டர்தான் கம்மியா போகுதுன்னா அதைத் தாண்டி ஒண்ணும் ஆகப் போறதில்ல, பின்னாடியே போயிடுங்க. காரிமங்கலத்துல இருந்து தருமபுரி போய்ச் சேர அஞ்சு நிமிஷம்கூட மிச்சமாகாது.

300 மீட்டர் எவ்வளவுன்னு கண்ணுக்குப் பழக்கணும், இதுக்கு ரோட்டுலயே அளவுகோல் இருக்கு. நெடுஞ்சாலைல ஊர் பேர் போட்ட கிலோமீட்டர் கல்லுக்கு நடுவுல 2, 4, 6, 8-ன்னு சின்ன கல் நட்டிருப்பாங்க, ஒரு கல்லுல இருந்து அடுத்த கல்லு 200 மீட்டர். பின்னாடி உட்கார்ந்து போகும்போது ஒரு கல்லுகிட்ட இருந்து அடுத்த கல்லுக்குப் பக்கத்துல இருக்கிற மரத்தைப் பார்த்து வைங்க, அதுக்கும் மேல பாதி சேர்த்தா 300. புதுசா ஓட்டறவங்க கிட்ட "அது எவ்வளவு தூரம்"னு கேட்டா நிஜமா 150 மீட்டர் இருக்கிறத 300-ன்னு சொல்லுவாங்க, ஒரு வாரம் கல்லைப் பார்த்துப் பழகினா சரியா வந்துடும்.

எதிர்ல வரது எவ்வளவு வேகத்துல வருதுன்னு நேரா பார்த்தா தெரியாது, தூரத்துல இருக்கும்போது ஒரே இடத்துல நிக்கற மாதிரி இருக்கும், கிட்ட வந்ததும் திடீர்னு பெருசாகும். அதனால சந்தேகம் வந்தா அது வேகமாத்தான் வருதுன்னு எடுத்துக்கணும். ஒத்த ஹெட்லைட் தெரிஞ்சா பைக்னு நம்பிடாதீங்க, ஒரு லைட் போன லாரியா இருக்கலாம்.

5. பின்னாடி எங்க இருக்கணும்

புதுசா ஓட்டறவங்க எல்லாரும் லாரியோட பின் கதவுல முட்டற அளவுக்கு ஒட்டிக்கிட்டு வெளிய எட்டி எட்டிப் பார்ப்பாங்க. தப்பு. ஒட்டினா லாரியோட முதுகுதான் தெரியும், ரோடு தெரியாது. தள்ளி வந்தா லாரி சின்னதாகி ரெண்டு பக்கமும் ரோடு திறக்கும்.

எவ்வளவு தள்ளின்னா, லாரி ஒரு கம்பத்தைத் தாண்டினதும் "ஆயிரத்து ஒண்ணு, ஆயிரத்து ரெண்டு"ன்னு எண்ணி முடிச்ச பிறகு நீங்க அந்தக் கம்பத்தைத் தாண்டணும். 40 கிலோமீட்டர் வேகத்துல இது 22 மீட்டர் வரும். மழைன்னா நாலு வரைக்கும் எண்ணுங்க.

வைக்கோல் லோடு, கரும்பு லோடு, மாம்பழ சீசன்ல கிரேட் அடுக்கின லாரி, இதெல்லாம் வண்டியோட அகலத்துக்கு மேல பிதுங்கி நிக்கும். இன்னும் தள்ளி வாங்க. கிரானைட் கல்லு ஏத்தின லாரிக்குப் பின்னாடி ஒட்டிக்கிட்டு போறவங்களைப் பார்த்தா எனக்கு வயித்தைக் கலக்கும், தயவு செஞ்சு அது மட்டும் வேண்டாம்.

லேனுக்குள்ளயே வலது பக்கம் கொஞ்சம் நகர்ந்து நடுக்கோட்டை ஒட்டி வந்தா முன்னாடி தெரியும். இடது பக்கம் வளையற வளைவா இருந்தா இடது ஓரமா வந்து லாரிக்கு உள்பக்கம் வழியா தூரத்துல பார்க்கலாம், பார்க்கறதுக்கு மட்டும்.

6. பார்க்கற வரிசை

முன்னாடி, பின்னாடி, மறுபடி முன்னாடி. இந்த வரிசைதான்.

முதல்ல முன்னாடி: எதிர்ல வண்டி இருக்கா, தாண்டின பிறகு நீங்க உள்ள புகுற இடம் இருக்கா. இந்த ரெண்டாவதைத்தான் விட்டுடறாங்க. ஒரு லாரிக்கு முன்னாடி இன்னொரு லாரி ஒட்டிக்கிட்டு போகுதுன்னா அது ரெண்டு லாரி இல்ல, ஒரு ரொம்ப நீளமான லாரி. நடுவுல புகுந்துக்கலாம்னு கிளம்பாதீங்க. அதோட முன்னாடி போறது ஏன் மெதுவாச்சுன்னும் யோசிங்க, ஆடு மாடு தாண்டுதோ, ஸ்பீடு பிரேக்கரோ, யாராவது வலது பக்கம் திரும்பறாங்களோ.

டிராக்டர்னா தனி கவனம். பாலக்கோடு, அரூர் பக்கம் கரும்பு ஏத்தின டிராக்டர் நிறைய ஓடும், டிரெய்லர் மறைக்கிறதால டிரைவருக்குப் பின்னாடி ஒண்ணும் தெரியாது, இன்ஜின் சத்தத்துல ஹாரனும் கேக்காது. சிக்னல் இல்லாம சட்டுனு வலது பக்கம் தோட்டத்து வழில திரும்பிடுவாங்க. முன்னாடி வலது பக்கம் ஒரு மண் பாதை தெரிஞ்சா அதைத் தாண்டற வரைக்கும் டிராக்டருக்குப் பின்னாடியே இருங்க.

அப்புறம் பின்னாடி: நடுக் கண்ணாடி, வலது கண்ணாடி, கடைசியா வலது தோள் பக்கம் ஒரு வெட்டுப் பார்வை. உங்களுக்குப் பின்னாடி வரவர் ஏற்கனவே உங்களைத் தாண்ட வெளிய வந்துட்டா அவரை விட்டுடுங்க. கண்ணாடில தெரியாத ஒரு மூலை எல்லா வண்டிலயும் இருக்கு, பைக் சரியா அங்கதான் நிக்கும், அதுக்குத்தான் தோள் பார்வை. அரை செகண்டுக்கு மேல திரும்பிப் பார்க்காதீங்க.

மறுபடி முன்னாடி பாருங்க, நீங்க பின்னாடி பார்த்த அந்த ரெண்டு செகண்ட்ல எதிர்ல வர வண்டி 30 மீட்டருக்கு மேல வந்திருக்கும்.

7. சொல்லிட்டு கிளம்பறது

வலது இண்டிகேட்டர் போட்டு மூணு தடவை மின்னின பிறகு நகருங்க. நிறைய பேர் ஸ்டியரிங்கைத் திருப்பிக்கிட்டே இண்டிகேட்டர் போடறாங்க, பின்னாடி வரவருக்கு அதுல ஒரு பிரயோஜனமும் இல்ல. பகல்ல சின்னதா ஒரு ஹாரன், ராத்திரில டிம்-பிரைட் ஒருதடவை. ஆஸ்பத்திரி மாதிரி ஹாரன் தடை இருக்கிற இடத்துல ஓவர்டேக்கே வேண்டாம்னு ஏற்கனவே சொல்லிட்டேன்.

லாரிக்காரர் போடற இண்டிகேட்டரை நம்பறது பத்தி. நம்ம ரோட்டுல முன்னாடி போற லாரி இடது இண்டிகேட்டர் போட்டு "நீ போ"ன்னு சொல்லுவாங்க, வலது போட்டு "வராத, எதிர்ல வண்டி இருக்கு"ன்னு சொல்லுவாங்க, சிலர் அதை அப்படியே மாத்திப் போடுவாங்க. நிஜமாவே வலது பக்கம் திரும்பப் போறவரும் அதே வலதைத்தான் போடுவாரு. கையைக் காட்டறவங்க நல்ல மனசோடதான் காட்டறாங்க, ஆனா அவங்களுக்கு உங்க வண்டியோட பிக்கப் தெரியாது. வலது இண்டிகேட்டர் எரிஞ்சா, என்ன காரணமா இருந்தாலும் வெளிய வராதீங்க. இடது எரிஞ்சா, உங்க கண்ணால ரோட்டைப் பார்த்த பிறகு மட்டும் வாங்க.

8. வெளிய வந்து தாண்டறது

கியரை முதல்லயே ஒண்ணு குறைச்சிட்டு வெளிய வாங்க. நாலாவதுல இருந்தா மூணாவது. பக்கத்துல போன பிறகு கியர் மாத்தினா அந்த ஒரு செகண்ட் வண்டி இழுக்காம தொங்கும், கிளட்ச்ல பழக்கமில்லாதவங்களுக்கு தப்பு கியர் விழுந்தா இன்னும் மோசம்.

முதல்ல முழுசா வலது பக்கம் வாங்க, ரோட்டை ஒருதடவை முழுசா பாருங்க, சரின்னா வேகத்தைக் கூட்டுங்க. லாரிய உரசற மாதிரி போகக் கூடாது, ஒரு மீட்டருக்குக் குறையாம விடுங்க. சைக்கிள், டிவிஎஸ் 50-ல போறவருக்கு இன்னும் அதிகமா விடுங்க, பள்ளம் வந்தா அவங்க வலது பக்கம்தான் ஒடிப்பாங்க. பைக்ல போறவங்க பெரிய லாரியோட தலைப்பக்கம் தாண்டும்போது ஹேண்டில்ல பிடி இறுக்கமா இருக்கணும், அது வரைக்கும் லாரி மறைச்சிருந்த காத்து ஒரே அடியா வந்து தள்ளும்.

பக்கத்துல சேர்ந்தே ஓடாதீங்க. லாரிக்காரரோட முகம் அவர் கண்ணாடில உங்களுக்குத் தெரியலன்னா உங்களையும் அவருக்குத் தெரியல, அந்த இடத்துல இருக்கிற நேரத்தைக் குறைக்கணும். அதுக்காக ஸ்பீடு லிமிட்டைத் தாண்டலாம்னு அர்த்தமில்ல. லிமிட்டுக்குள்ள தாண்ட முடியலன்னா அந்த ஓவர்டேக் தேவையே இல்ல.

முன்னாடி ஒரு கார் தாண்டுதுன்னு அதுக்குப் பின்னாடியே ஒட்டிக்கிட்டு போறது இருக்கே, இதுதான் நான் பார்த்ததுல ரொம்ப ரொம்பக் கெட்ட பழக்கம். முன்னாடி போற கார்க்காரர் ரோட்டைப் பார்த்துட்டு போறாரு, பின்னாடி போறவர் அந்தக் காரை மட்டும் பார்த்துட்டு போறாரு. அவர் கடைசி நேரத்துல உள்ள புகுந்துடுவாரு, எதிர்ல வர பஸ்ஸுக்கு நேரா நிக்கறது நீங்க. ஊத்தங்கரை ரோட்டுல சாயங்காலம் நின்னு பார்த்தா மூணு நாலு வண்டி இப்படி கோர்த்துக்கிட்டு வரும். முன்னாடி போறவர் முடிக்கட்டும், அப்புறம் உங்களுக்கு ரோடு இருக்கான்னு நீங்க தனியா பாருங்க, 6-வது படில இருந்து.

9. திரும்ப இடது பக்கம் வர்றது

லாரியோட முழு முகமும், ரெண்டு ஹெட்லைட்டும் சேர்த்து, உங்க நடுக் கண்ணாடில தெரிஞ்ச பிறகு இடது இண்டிகேட்டர் போட்டு மெதுவா உள்ள வாங்க. பைக்ல இடது கண்ணாடில பார்த்துட்டு தோள் பார்வை ஒண்ணு.

சீக்கிரமா வெட்டி உள்ள வந்துட்டு பிரேக்கும் அடிக்கிறது ஆபத்து. லோடு லாரி உங்களை மாதிரி நிக்காது. அவர் உங்களுக்காக அழுத்திப் பிடிச்சா பின்னாடி இருக்கிற கல்லோ கம்பியோ கேபினை நோக்கி நகரும். உள்ள வந்ததும் இண்டிகேட்டரை அணைங்க, வேகத்தைச் சட்டுனு குறைக்காதீங்க.

10. பாதில விடறதும் ஒரு படிதான்

வெளிய வந்து பார்த்தா எதிர்ல வண்டி தெரியுது. நீங்க இன்னும் லாரியோட பாதிகூட போகலன்னா பிரேக்கைப் பிடிச்சு மறுபடி லாரிக்குப் பின்னாடியே வந்துடுங்க. அதுக்காகத்தான் பின்னாடி இடம் விட்டு வரச் சொன்னேன், ஒட்டிக்கிட்டு வந்திருந்தா உங்க இடத்துல வேற ஒருத்தர் ஏற்கனவே புகுந்திருப்பாரு.

லாரியோட முன் சக்கரத்தைத் தாண்டியாச்சுன்னா முடிக்கறதுதான் பெரும்பாலும் சரி. ரெண்டுக்கும் நடுவுல தயங்கி அப்படியே ஓடிக்கிட்டிருக்கிறதுதான் மோசம். பசங்களுக்கு பழக்கும்போது காலி ரோட்டுல வேணும்னே "விடு, உள்ள வா"ன்னு சொல்லி திரும்ப வர வைப்பேன். விட்டு வரது அவமானம்னு மனசுல இருக்கிற வரைக்கும் அவசர நேரத்துல கால் பிரேக்குக்குப் போகாது.

11. நாலு வழிச் சாலைல

என்.எச். 44-ல எதிர் வண்டி பயம் இல்லன்னு நினைச்சு மேல சொன்ன எல்லாத்தையும் விட்டுடறாங்க. இங்க ஆபத்து வேற மாதிரி. வலது லேன் தாண்டறதுக்கான லேன், தாண்டி முடிச்சதும் இடது லேனுக்கு வந்துடணும். வலதுலயே குடியிருக்கிற லாரி இருக்கும், தெரியும், அதுக்குப் பின்னாடி டிம்-பிரைட் ஒருதடவை, ஹாரன் ஒருதடவை அடிச்சிட்டு இடம் விட்டுக் காத்திருங்க. அவருக்கு இடது பக்கம் ஒதுங்க அவருக்கும் நேரம் வேணும், அந்த நேரம் பார்த்து நீங்க இடதுல புகுந்தா அவர் உங்க மேலதான் ஒதுங்குவாரு.

இடதுல புகுறவங்களுக்கு இன்னொரு விஷயம். மீடியன் கேப் தூரமா இருக்குன்னு ஊர்க்காரங்க இடது ஓரத்துலயே தப்பு திசைல பைக்ல வருவாங்க. லாரிக்கு இடது பக்கம் 80-ல புகுந்து வெளிய வரும்போது நேர் எதிர்ல ஒரு குடும்பம் மூணு பேரோட வந்தா ரெண்டு பேருக்கும் ஒதுங்க இடமில்ல. டோல்கேட்டுக்கு முன்னாடியும் பின்னாடியும் எல்லாரும் லேன் மாறுவாங்க, அங்க ஓவர்டேக் யோசனையே வேண்டாம்.

தொப்பூர் கணவாய் தனி. தருமபுரில இருந்து சேலம் போகும்போது இறக்கம். லோடு லாரி சின்ன கியர்ல இடது பக்கம் ஊர்ந்து இறங்கணும், டீசல் மிச்சம் பண்ண நியூட்ரல்ல விட்டு வரவங்களும் இருக்காங்க, பிரேக் சூடாகி பிடிக்காம போனா இரட்டைப் பாலத்துக்கிட்ட என்ன நடக்கும்னு நம்ம ஊர்க்காரங்களுக்குத் தெரியும். அந்த இறக்கத்துல முன்னாடி தாண்டறத விட பின்னாடி கண்ணாடியப் பாக்கறது முக்கியம். ஒரு லாரி கட்டுப்பாடில்லாம வர மாதிரி தெரிஞ்சா வழி விட்டு ஒதுங்குங்க. ரெண்டு லாரி பக்கத்துல பக்கத்துல இறங்குதுன்னா நடுவுல பைக்கைச் சொருகாதீங்க.

12. ராத்திரி, மழை, பனி

ராத்திரில உங்க ஹெட்லைட் எவ்வளவு தூரம் காட்டுதோ அதுக்குள்ள நிறுத்த முடியற வேகம்தான் வேகம். எதிர்ல வண்டி இருந்தாலும் முன்னாடி போறவர் முதுகுல உங்க லைட் விழுந்தாலும் டிம்ல வைங்க. டிரெய்லருக்கு பின் லைட் இல்லாத டிராக்டர் இருட்டுல சுவர் மாதிரி வந்து நிக்கும், அதனால ரெண்டு வழி ரோட்டுல ராத்திரி ஓவர்டேக்கை எவ்வளவு குறைக்கறீங்களோ அவ்வளவு நல்லது.

ஓசூர், தேன்கனிக்கோட்டை, சூளகிரி பக்கம் மார்கழி, தை விடியக்காலைல பனி இறங்கும். 100 மீட்டர்கூட தெரியாதப்போ 300 மீட்டர் கணக்கு எங்க போடறது? ரெண்டு வழி ரோட்டுல பனி விலகற வரைக்கும் கிடையாது. தக்காளி ஏத்திக்கிட்டு ராயக்கோட்டை மார்க்கெட் போற குட்டி யானைக்காரங்களுக்கு அவசரம் இருக்கும், அவங்க போகட்டும்.

13. உங்களை ஒருத்தர் தாண்டும்போது

இடது பக்கம் ஒதுங்கி இருக்கணும், வேகத்தைக் கூட்டக் கூடாது. இது மரியாதைக்காகச் சொல்றது இல்ல, விதியே அதுதான். நீங்க 10 கிலோமீட்டர் கூட்டினா அவருக்குத் தேவையான ரோடு ரெட்டிப்பாகும்னு 4-வது படில பார்த்தோம்ல. அவர் கணக்கைத் தப்பாப் போட்டுட்டாருன்னு தெரிஞ்சா ஆக்சிலேட்டர்ல இருந்து காலை எடுங்க, அவர் உள்ள வர இடம் கிடைக்கும். அவர் மேல எவ்வளவு கோவம் வந்தாலும் முன்னாடி மூணு வண்டி மோதினா அதுக்குள்ள நீங்களும் இருப்பீங்க.

108 வண்டி சைரனோட பின்னாடி வந்தா இண்டிகேட்டர் போட்டு இடது ஓரமா ஒதுங்கி நின்னே வழி விடுங்க. விடலன்னா 194-ஈ பிரிவுல ஆறு மாசம் வரைக்கும் ஜெயில் இல்ல 10,000 ரூபாய் அபராதம், இல்ல ரெண்டும். ஆம்புலன்ஸ் போனதும் அதோட வாலைப் பிடிச்சிக்கிட்டு பின்னாடியே பறக்காதீங்க, எதிர்ல ஒதுங்கினவங்க ஆம்புலன்ஸ் போனதும் ரோட்டுக்குத் திரும்ப வருவாங்க, அவங்களுக்கு உங்களைத் தெரியாது.